‘ஒயின்ஸ்’ போர்டு தெரியும்... திராட்சைப் பந்தல் தெரியுமா? - கம்பம் பள்ளத்தாக்குக்கு ஒரு பயணம்

தமிழ்நாட்டில் ‘ஒயின் ஷாப்’ எங்கே என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வழி சொல்லும். 2003-ல் சில்லறை மது விற்பனை முழுக்க டாஸ்மாக் கைக்குப் போய்விட்டது. ஆனாலும் பழைய தனியார் கடைகளின் அந்தப் பெயர் மட்டும் பேச்சில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கடைக்குப் போகிறவர்களில் ஒயின் கேட்பவர்கள் மிகமிகக் குறைவு. பிராந்தியும் ரம்மும் பீரும்தான் அங்கே ஓடும் சரக்கு.

சரி, ஒயினுக்கு மூலமான திராட்சை தமிழ்நாட்டில் எங்கே விளைகிறது? அந்த ஊரைப் போய்ப் பார்த்துவிட்டு வர முடியுமா? தாராளமாக முடியும். தேனி மாவட்டம், கம்பம் பள்ளத்தாக்கு. இந்த வாரம் அங்கேதான் போகப்போகிறோம்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். சினிமாவில் பார்க்கிற ஐரோப்பிய ‘ஒயின் கிராமம்’ மாதிரி மரப் பீப்பாய்களும் கண்ணாடிக் கோப்பைகளும் இங்கே வரவேற்காது. ஆனால், தலைக்கு மேலே கொத்துக் கொத்தாகக் கறுத்துத் தொங்கும் பழமும், அந்தப் பழத்தை வைத்துக்கொண்டு ஓர் ஊரே தினமும் போடும் கணக்கும் இங்கே உண்டு. குடும்பத்தோடு போய்ப் பார்க்கவேண்டிய கணக்கு அது.

களமருதூரிலிருந்து கிளம்பினால்...

கள்ளக்குறிச்சி மாவட்டம், உளுந்தூர்பேட்டை பக்கம் இருக்கும் களமருதூரிலிருந்து ஒரு குடும்பம் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். உளுந்தூர்பேட்டை வந்து திருச்சி நெடுஞ்சாலையைப் பிடித்தால், திருச்சி, திண்டுக்கல், வத்தலக்குண்டு, தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம். சுமார் 350 கி.மீ. விடியற்காலை கிளம்பினால், டீக்கு நிறுத்தி, சாப்பாட்டுக்கு நிறுத்தி, மதியத்துக்கு மேல் போய்ச் சேரலாம்.

ரயிலில் போக ஆசைப்படுகிறவர்களுக்கும் வழி இருக்கிறது. மதுரை - போடி பாதை மீட்டர் கேஜாக இருந்தது. அகலப்பாதைப் பணிக்காக 10 வருடங்களுக்கும் மேல் ரயிலே இல்லாமல் கிடந்தது. 2022-ல் தேனி வரையும், 2023 ஜூனில் போடிநாயக்கனூர் வரையும் ரயில் திரும்பி வந்தது. சென்னை சென்ட்ரலிலிருந்து சேலம், கரூர், மதுரை வழியாகப் போடிக்கு வாரத்தில் மூன்று நாள் எக்ஸ்பிரஸ் ரயில் விடப்பட்டது. கள்ளக்குறிச்சிக்காரர்கள் சேலத்தில் ஏறிக்கொள்ளலாம். கிளம்பும் முன் கிழமையையும் நேரத்தையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். தேனியில் இறங்கினால் கம்பத்துக்கு 40 கி.மீ. பஸ் பயணம்.

கிழக்கே திரும்பிய தண்ணீர்

தேனியைத் தாண்டியதுமே காட்சி மாறிவிடும். இரண்டு பக்கமும் மலை, நடுவில் பச்சை. நெல், வாழை, தென்னை என்று சாலை நெடுகக் கூடவே வரும். மேற்கே மலைக்கு அந்தப்பக்கம் கேரளம். கிழக்கே மேகமலை.

இந்தப் பச்சைக்கு ஒரு காரணம் இருக்கிறது. மேற்கு நோக்கி ஓடி அரபிக்கடலில் கலந்துகொண்டிருந்தது பெரியாறு. அதை அணை கட்டித் தடுத்து, மலையைக் குடைந்து, கிழக்கே இந்தப் பள்ளத்தாக்குக்குத் திருப்பினார்கள். ஜான் பென்னிகுயிக் தலைமையில் கட்டப்பட்ட முல்லைப் பெரியாறு அணை 1895-ல் பயன்பாட்டுக்கு வந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல் அந்தத் தண்ணீரை நம்பி இருக்கிறது. கூடலூரைத் தாண்டி லோயர் கேம்ப்பில் பென்னிகுயிக்குக்கு 2013-ல் மணிமண்டபம் திறக்கப்பட்டது. அவர் பிறந்த ஜனவரி 15-ம் தேதி விவசாயிகள் அங்கே பொங்கல் வைக்கிறார்கள். ஊர்க்காரர்கள் பிள்ளைகளுக்கும் கடைகளுக்கும் அவர் பெயரை வைத்திருப்பதைப் பார்க்கலாம்.

நெல் வயல் ஆற்றை ஒட்டி முடிய, கொஞ்சம் மேட்டில் கிணற்றுப் பாசனத்தில் தொடங்குகிறது திராட்சை.

பந்தலுக்குக் கீழே

கம்பத்திலிருந்து சுருளி அருவிக்குப் போகும் வழியை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தமே 10 கி.மீ.தான். காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி, நாராயணத்தேவன்பட்டி என்று இந்தப் பக்கத்து ஊர்களெல்லாம் திராட்சை ஊர்கள். பேரூராட்சிக்குரிய ஒரு கடைத்தெரு, டீக்கடை, கோயில், உரக்கடை. அதைத் தாண்டினால் பந்தல்தான்.

ஐரோப்பாவில் திராட்சைக் கொடியை இடுப்பு உயரத்தில் வேலி மாதிரி வரிசையாகக் கட்டுவார்கள். இங்கே அப்படியில்லை. கல்தூண் நட்டு, ஆள் உயரத்துக்கு மேலே கம்பி பின்னி, அதன் மீது கொடியைப் படரவிடுகிறார்கள். உச்சி வெயிலிலும் கீழே நிழல். நிமிர்ந்து பார்த்தால் இலைக்கூரை, அதிலிருந்து கறுப்புக் கொத்துகள். சபரிமலை சீசனில் குமுளி வழியாகப் போகும் ஐயப்ப பக்தர்களும், தேக்கடிக்குப் போகிற சுற்றுலாப் பயணிகளும் வண்டியை நிறுத்தி இறங்குவது இந்த நிழலுக்காகத்தான். தோட்டத்து வாசலிலேயே எடைபோட்டுக் கொடுப்பார்கள்.

“கிலோ எவ்வளவுண்ணே?”

“ரெண்டு கிலோவா எடுத்துக்கங்கக்கா, பாத்துப் போட்டுத் தர்றேன்.”

இந்தப் பேச்சு நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

மகாராஷ்டிரத்தில் திராட்சை அறுவடை பெரும்பாலும் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரைக்கும்தான். கம்பத்தில் வருடம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் பழம் இருக்கும். ரகசியம், கவாத்து. கொடியை வெட்டிவிட்டால், அந்த நாளிலிருந்து சுமார் 4 மாதத்தில் பழம். ஒவ்வொரு தோட்டக்காரரும் ஒவ்வொரு தேதியில் கவாத்து செய்வதால், ஒரு தோட்டத்தில் மொட்டைக் கொடி நிற்கும்போது பக்கத்துத் தோட்டத்தில் வெட்டு நடக்கும். இரண்டு வருடத்தில் 5 அறுவடை எடுப்பது இங்கே நடைமுறை. குளிர்நாட்டுக் கொடிகள் பனிக்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்கிவிடும். கம்பத்துக் கொடிக்கு அந்தத் தூக்கம் கிடையாது.

பன்னீரின் பாஸ்போர்ட்

இங்கே விளைவதில் பெரும்பகுதி பன்னீர் திராட்சை. கறுப்பு, உருண்டை, விதை உள்ளது, மெல்லிய தோல், வாயில் போட்டதும் ஒரு வாசனை. உலக அரங்கில் இதன் பெயர் ‘மஸ்கட் ஹாம்பர்க்’. பெயரைப் பார்த்து ஜெர்மனி என்று நினைக்க வேண்டாம். 19-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கண்ணாடிக் குடில்களில் புகழ்பெற்ற ரகம் இது. பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர்தான் இதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்பது இந்தப் பகுதியில் சொல்லப்படும் கதை. இன்றைக்கும் ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி பக்கம் போனால் திராட்சைப் பந்தலையும் தேவாலயக் கோபுரத்தையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருப்பதும் ஆனைமலையன்பட்டியில்தான்.

2023-ல் ‘கம்பம் பன்னீர் திராட்சை’க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. காஞ்சிபுரம் பட்டு, மதுரை மல்லி வரிசையில் இனி இதுவும் உண்டு.

இதே பழம் வெளிநாட்டில் என்ன ஆகிறது தெரியுமா? கலிஃபோர்னியாவில் ‘கறுப்பு மஸ்கட்’ என்ற பெயரில், சாப்பாட்டுக்குப் பிறகு சிறு கோப்பையில் குடிக்கும் இனிப்பு ஒயின் ஆகிறது. சீனாவின் தியான்ஜின் பகுதியில் 1980-களில் தொடங்கிய நவீன ஒயின் தொழிலுக்கு அடித்தளம் போட்ட ரகங்களில் இதுவும் ஒன்று. கம்பத்தில் இது பெரும்பாலும் பழமாகவே பெட்டியில் ஏறுகிறது.

பிரச்னை தொடங்குவதும் அங்கேதான்.

வெட்டிய பழம் காத்திருக்காது

மாங்காயைப் பறித்து வைக்கோலில் வைத்தால் பழுக்கும். வாழைத்தாரை வெட்டித் தொங்கவிட்டால் பழுக்கும். திராட்சை அப்படியில்லை. கொடியில் எவ்வளவு இனிப்போ அவ்வளவுதான், வெட்டிய பிறகு ஒரு துளிகூட ஏறாது. சீக்கிரமே வெட்டினால் புளிக்கும், விலை கிடைக்காது. விட்டுவைத்தால் மழை வரும். பழுத்த நேரத்தில் மழை பெய்தால் மெல்லிய தோல் வெடித்துவிடும், கொத்தே வீண். வெட்டிவிட்டால் பன்னீருக்கு வெளியில் இரண்டு, மூன்று நாள்தான் ஆயுள். அதற்குள் கேரளச் சந்தைக்கோ, மதுரைக்கோ, சென்னைக்கோ போய் விற்றாக வேண்டும்.

அதனால், விலை பேசும்போது விவசாயியின் கை எப்போதும் கீழேதான். “இந்த விலைக்கு வேண்டாம், அடுத்த வாரம் பார்த்துக்கலாம்” என்று சொல்ல அவரால் முடியாது. 2020 ஊரடங்கில் லாரி வராமல், வியாபாரி வராமல் பழம் கொடியிலேயே அழுகியதை இந்தப் பள்ளத்தாக்கு பார்த்தது. விதையுள்ள பழத்தைச் சாப்பிடச் சலித்துக்கொண்டு நகரத்துக் குடும்பங்கள் விதையில்லா திராட்சைக்கு மாறிக்கொண்டிருப்பது இன்னொரு தலைவலி.

களமருதூரிலிருந்து போன குடும்பத்துக்கு இது எளிதில் புரியும். கள்ளக்குறிச்சி கரும்பு மாவட்டம். வெட்டிய கரும்பும் காத்திருக்காது, மணிக்கு மணி சர்க்கரை இறங்கும். ஆனால், கரும்புக்கு மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு ஆலை இருக்கிறது. கட்டிங் ஆர்டர் தாமதமாகும், பணம் நிலுவையில் கிடக்கும் என்று ஆயிரம் குறை சொல்லலாம். ஆனாலும், விளைந்ததை வாங்கி வேறு பொருளாக மாற்றும் இடம் ஒன்று உண்டு. கல்வராயன்மலை மரவள்ளிக்கும் ஜவ்வரிசி ஆலை உண்டு. பன்னீர் திராட்சைக்கு அப்படி ஒரு பெரிய ஆலை இல்லை. பள்ளத்தாக்கில் தனியார் முயற்சியாக ஒயின் ஆலை வந்ததுண்டு. என்றாலும் விளைச்சலில் பெரும்பங்கு இன்றும் பெட்டியில் ஏறும் பழம்தான். குளிர்பதனக் கிடங்கு வேண்டும், பழச்சாறு ஆலை வேண்டும், ஒயின் ஆலை வேண்டும் என்று விவசாயிகள் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொரு முரணும் இருக்கிறது. இந்தியாவில் விற்கும் பிராந்தி, ரம் பலவற்றுக்கு அடிப்படை, சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸிலிருந்து வடிக்கும் ஸ்பிரிட். அதாவது, கரும்பு ‘ஒயின் ஷாப்’ வரைக்கும் போய்விடுகிறது. திராட்சை போகவில்லை!

நாசிக்கில் என்ன செய்தார்கள்?

மகாராஷ்டிர அரசு 2001-ல் திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கென்றே தனிக்கொள்கை கொண்டுவந்து, உள்ளூர்த் திராட்சையில் செய்யும் ஒயினுக்கு வரிச்சலுகை கொடுத்தது. நாசிக்கைச் சுற்றி ஆலைகள் வந்தன. திண்டோரி மாதிரி சின்ன ஊர்களின் பெயர் பாட்டில் லேபிளில் ஏறியது. தோட்டத்தைச் சுற்றிப் பார்க்க, தங்க, சாப்பிட என்று மும்பையிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கர்நாடகமும் 2007-ல் தனி ஒயின் கொள்கை கொண்டுவந்தது. பிரான்ஸின் செயின்ட் எமிலியோன் என்ற சின்ன ஊர் இன்னும் ஒரு படி மேலே. ஊரும் சுற்றியிருக்கும் திராட்சைத் தோட்டங்களும் சேர்த்தே 1999-ல் யுனெஸ்கோ பாரம்பர்யச் சின்னமாக அறிவிக்கப்பட்டன.

ஆலை வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. ஒயினுக்கென்று நாசிக்கில் வைத்தது வேறு ரகத் திராட்சை, அதைப் பழமாகச் சந்தையில் விற்க முடியாது. 2008 பொருளாதார மந்தத்துக்குப் பிறகு ஒயின் தேங்கியபோது, ஆலைகள் பழம் வாங்காமல் கைவிட, கொடியைப் பிடுங்கிப் போட்ட விவசாயிகள் அங்கே இருந்தார்கள். பன்னீருக்கு ஒரு சௌகரியம் உண்டு. அது பழமாகவும் விற்கும், சாறாகவும் ஆகும், ஒயினாகவும் ஆகும். விலை விழுகிற வாரத்தில் போக இன்னொரு கதவு இருந்தால் போதும் என்பதுதான் விவசாயிகளின் கோரிக்கையில் இருக்கும் நியாயம்.

பேசத் தயங்கும் சொல்

கள்ளக்குறிச்சிக் குடும்பத்தின் முன்னால் ‘ஒயின் ஆலை’ என்று பேச்சு எடுப்பது எளிதல்ல. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஒரே தெருவில் அடுத்தடுத்து சாவுப் பந்தல் போடப்பட்ட ஊர் அது. அதன்பிறகு மதுவிலக்குச் சட்டத்தில் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. அந்த மாவட்டத்துப் பெண்களிடம் போய், “இந்தப் போதை வேறு, அந்தப் போதை வேறு” என்று யாரும் வகுப்பு எடுக்க முடியாது. எடுக்கவும் கூடாது.

அதற்காக, திராட்சைக்காரரின் கேள்வியும் இல்லாமல் போய்விடாது. தமிழ்நாட்டில் மது விற்கிறது, அரசே விற்கிறது. அந்தப் பட்டியலில் தன் பழத்துக்கு மட்டும் ஏன் இடமில்லை என்று ஒரு விவசாயி கேட்டால், அதைக் குடிக்கு ஆதரவான பேச்சாக ஒதுக்கிவிட முடியாது. குடியால் அழிந்த வீடுகளைப் பார்த்த ஒருவர், “இன்னொரு ஆலையா?” என்று கேட்டால், அதையும் ஒதுக்கிவிட முடியாது. இரண்டு கேள்விக்கும் நடுவில், யாருக்கும் மனக்கஷ்டம் இல்லாத ஒரு வழி தெரிகிறது. குளிர்பதனக் கிடங்கும் பழச்சாறு ஆலையும். முதல் அடியை அங்கே வைக்கலாமே?

ஒரு எச்சரிக்கை. யூடியூபைப் பார்த்துவிட்டு, “வீட்டிலேயே ஜாடியில் ஒயின் போட்டுப் பார்க்கலாமா?” என்று ஆசைப்பட வேண்டாம். உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது தமிழ்நாட்டில் சட்டப்படி குற்றம்.

போகிறவர்கள் கவனத்துக்கு...

* தோட்டத்துக்குள் கேட்டுவிட்டு நுழையுங்கள். பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை.

* செல்ஃபிக்காகக் கொத்தைத் தடவாதீர்கள். பழத்தின் மேல் வெள்ளையாகத் தெரிவது இயற்கையான மெழுகுப் படலம். பழத்தைக் காப்பது அதுதான். விரல் பட்டு அழிந்தால் அந்தக் கொத்துக்கு விலை குறையும்.

* கொடியிலிருந்து பறித்து அப்படியே பிள்ளைகள் வாயில் போடக் கூடாது. மருந்து அடித்து எத்தனை நாளாயிற்று என்பது தோட்டக்காரருக்குத்தான் தெரியும். வாங்கிய பழத்தையும் ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிய பிறகே சாப்பிடுங்கள்.

* விதையில்லா திராட்சை பார்க்க வேண்டுமானால் சின்னமனூர் பக்கம் ஓடைப்பட்டி. அங்கே வருடத்தின் முதல் சில மாதங்கள்தான் சீசன்.

* சுருளி அருவியில் வெள்ளம் வந்தாலோ யானை நடமாட்டம் இருந்தாலோ வனத்துறை குளிக்கத் தடை போடும். கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

* நேரம் இருந்தால் சின்னமனூரிலிருந்து மேகமலை, குச்சனூர் சனீஸ்வரர் கோயில், வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் என்று இரண்டு நாள் தாராளமாக ஓடும்.

ஊர் திரும்பும் பெட்டி

கம்பத்திலிருந்து திரும்புகிறவர்கள் வண்டியில் ஒரு அட்டைப்பெட்டி திராட்சை இருக்கும். தோட்டக்காரர் அடியில் காகிதம் போட்டு, கொத்தை நசுங்காமல் அடுக்கி, “வெயில்ல வெச்சுடாதீங்க, போனதும் பக்கத்து வீட்டுக்கெல்லாம் குடுத்துச் சாப்பிட்டுடுங்க” என்று சொல்லி அனுப்புவார்.

களமருதூர் போய்ச் சேர ராத்திரி ஆகிவிடும். மறுநாள் காலையில் அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தது போக மிச்சம் ஃப்ரிட்ஜில் ஏறும். மூன்றாம் நாள் எடுத்துப் பார்த்தால், காம்பு காய்ந்து, நாலைந்து பழம் தொட்டதும் கையோடு வரும். “சீக்கிரம் சாப்பிடுங்கடா, வீணாப்போகுது” என்று வீட்டில் ஒரு சத்தம் கேட்கும்.

நமக்கு அது ஒரு பெட்டி. நன்றாக விளைந்த பன்னீர் தோட்டத்தில் வருடத்துக்கு ஏக்கருக்கு 12 டன் வரை பழம் வெட்டுவார்கள். ஒவ்வொரு வெட்டின்போதும் அந்த வீட்டிலும் இதே சத்தம்தான்!